நாலு அட்டைகளும் ஒரு மொழியும்



எந்த ஆசிரியரின் நினைவாக இந்தச் சொற்பொழிவு ஆண்டுதோறும் நடக்கிறதோ, அவரிடம் நான் படித்ததில்லை. அவரிடம் படித்தவர்கள் பலரோடு பழகியிருக்கிறேன். கரும்பலகையில் ஒரு சொல்லை எழுதினால், அது எதைக் குறிக்கிறது என்று வகுத்துச் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போகமாட்டார் என்று அவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அந்த நினைவுக்கு மரியாதையாக, நம் துறையில் எல்லோரும் புழங்கி யாரும் வகுத்துச் சொல்லாத இரண்டு சொற்களை இன்று எடுத்துக்கொள்கிறேன். ஒன்று நிரல்மொழி. மற்றது ஸ்கிரிப்ட்.

சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தி வேலைக்கான நேர்காணலுக்குப் போய்வந்தாள். தன்விவரக் குறிப்பில் ‘தெரிந்த நிரல்மொழிகள்’ என்ற தலைப்பின்கீழ் ஜாவா, பைத்தான், ஷெல், எஸ்கியூஎல் என்று நான்கை எழுதியிருந்தாள். எதிரே இருந்தவர் பேனாவை எடுத்துக் கடைசி இரண்டையும் அடித்துவிட்டு, “இதெல்லாம் ஸ்கிரிப்ட்டும்மா, லேங்குவேஜ் இல்லை” என்றாராம். அவள் திரும்பி வந்து என்னிடம் கேட்டாள்: “சார், அப்போ பைத்தானை மட்டும் ஏன் விட்டுவச்சார்?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. ஓராண்டாக அதைச் சுமந்துகொண்டிருக்கிறேன். இன்று பேசப்போவதெல்லாம் அவளுக்கு நான் தரவேண்டிய பதில்தான்.

முதலில் ஸ்கிரிப்ட் என்ற சொல்லைப் பார்ப்போம். நாடகத்தில் நடிகர் கையில் கொடுக்கும் பிரதி அது. நம் கூத்தில் ஏடு என்பார்களே, அதுதான். பெர்ல் மொழியை 1987-இல் உருவாக்கிய லேரி வால், இந்த உவமையைக்கொண்டே வேறுபாட்டை விளக்கினார்: ஸ்கிரிப்ட் நடிகர்களுக்குத் தருவது, புரோகிராம் பார்க்க வந்தவர்களுக்குத் தருவது. ஆங்கிலத்தில் நாடக அரங்கில் பார்வையாளர் கையில் தரும் நிகழ்ச்சி நிரலுக்கும் அதே பெயர் என்பதால் அங்கே அது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

கணினியில் இந்த வழக்கத்தின் தொடக்கம் என்று 1963, 1964-ஐச் சொல்லலாம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சிடிஎஸ்எஸ் என்ற பகிர்வுக் கணினி அமைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே வேலை செய்த பிரெஞ்சுக்காரர் லூயி பூசான், தினமும் ஒரே வரிசையில் தட்டச்சிடும் கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதிவைத்து, அந்தக் கோப்பையே ஓட்டினால் என்ன என்று யோசித்து ரன்காம் என்ற நிரலை எழுதினார். ‘கட்டளைகளை ஓட்டு’ என்பதன் சுருக்கம் அது. பயனரின் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலுக்கு ஷெல் என்ற பெயரையும் அவர்தான் வைத்தார். இன்றும் லினக்ஸ் கணினிகளில் அமைப்புக் கோப்புகள் பலவற்றின் பெயர் ‘ஆர்சி’ என்ற இரண்டு எழுத்தில் முடிகிறதே, அது ரன்காமின் எச்சம். அறுபது ஆண்டுகளாகக் காரணம் மறந்து நாம் உச்சரித்துவரும் பெயர்.

ஆக, ஸ்கிரிப்ட் என்பது எழுதப்பட்ட ஒரு பிரதி. மொழி என்பது அந்தப் பிரதி எதில் எழுதப்படுகிறதோ அது. ‘இது மொழியா, ஸ்கிரிப்டா’ என்ற கேள்வி, ‘இது தமிழா, கடிதமா’ என்று கேட்பதைப் போன்றது. கடிதமும் தமிழில்தான் எழுதப்படுகிறது, காப்பியமும் தமிழில்தான் எழுதப்படுகிறது. நேர்காணலில் அமர்ந்திருந்தவர் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொண்டார். ஒரு குறியீட்டுமுறை நிரல்மொழி ஆகுமா என்பது ஒரு கேள்வி. ஒருவர் எழுதிய குறிப்பிட்ட பிரதி, வந்த வேலைக்கு மட்டும் எழுதிய துண்டா, நிலைத்து நிற்கும் நிரலா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கே நம்மிடம் உள்ள அளவுகோல்கள் எவ்வளவு தள்ளாடுகின்றன என்பதைப் பார்ப்போம்.

எல்லோரும் சொல்லும் முதல் அளவுகோல் கம்பைலர். மூலத்தை எந்திரக் குறிமுறையாக மாற்றிவிட்டு ஓட்டினால் மொழி, வரிவரியாகப் படித்துக்கொண்டே ஓட்டினால் ஸ்கிரிப்ட் என்பார்கள். இது நிற்காது. ஜான் மெக்கார்த்தியின் லிஸ்ப் 1958-இல் பிறந்தது. அதை மொழி அல்ல என்று சொல்லும் துணிவு எவருக்கும் இல்லை. அது முதலில் ஓடியதே ஸ்டீவ் ரஸ்ஸல் ஐபிஎம் 704-இல் எழுதிய, படித்துக்கொண்டே ஓட்டும் இன்டர்பிரிட்டரில்தான். பேசிக் என்றதும் வரிவரியாக ஓடும் குழந்தைமொழி நம் நினைவுக்கு வருகிறது. 1964-இல் டார்ட்மவுத் கல்லூரியில் கெமெனியும் குர்ட்ஸும் அதைத் தொடங்கியபோது அதற்குக் கம்பைலர் இருந்தது. பைத்தான் உங்கள் நிரலைச் சத்தமில்லாமல் பைட்கோடாக மாற்றிக்கொள்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் பெயரிலேயே ஸ்கிரிப்ட் என்று ஒட்டவைத்துக்கொண்டது; 2008-இல் குரோம் உலாவியோடு வந்த வி8 என்ற ஓட்டும் கருவி அதை நேரே எந்திரக் குறிமுறைக்கு மாற்றியது. மறுபக்கம், ஃபேப்ரிஸ் பெல்லார்டின் சின்னஞ்சிறு சி கம்பைலர் இருந்தால் சி மொழிக் கோப்பையே ஸ்கிரிப்ட் போல நேராக ஓட்டலாம். சுவிட்சர்லாந்தின் சேர்ன் ஆய்வகத்தில் இயற்பியலாளர்கள் சி++ மொழியைப் பல்லாண்டுகளாக இன்டர்பிரிட்டரில் தட்டித் தட்டி ஓட்டுகிறார்கள். கம்பைல் செய்வதும் செய்யாததும் மொழியை ஓட்டும் கருவியின் குணம். மொழியின் குணம் அன்று.

இரண்டாவது அளவுகோல் கனமானது. 1936-இல் ஆலன் டூரிங், முடிவில்லாத நாடா ஒன்றில் குறியை எழுதி, அழித்து, முன்னும் பின்னும் நகரும் ஓர் எந்திரத்தைக் கற்பனை செய்தார். படிப்படியாகக் கணக்கிடக்கூடியது எதுவோ அதை அந்த எந்திரம் கணக்கிடும் என்பது இன்று நாம் ஏற்றுக்கொண்ட கருத்து. ஒரு குறியீட்டுமுறையில் அந்த எந்திரத்தைக் கட்டிக்காட்ட முடிந்தால் அதற்கு டூரிங் முழுமை உண்டு என்கிறோம். முழுமை இருந்தால் மொழி, இல்லாவிட்டால் இல்லை. கணிதத்தில் வளர்ந்தவர்களுக்கு இது மிகவும் பிடித்த விடை. எனக்கும் நீண்டகாலம் பிடித்திருந்தது.

பிறகு பார்த்தால், யூனிக்ஸில் வரிகளைத் திருத்தும் ‘செட்’ என்ற சின்ன வடிகட்டியில் டூரிங் எந்திரத்தை எழுதியிருக்கிறார்கள். டெட்ரிஸ் விளையாட்டையும் எழுதியிருக்கிறார்கள். மேஜிக் என்ற சீட்டு விளையாட்டின் விதிகளுக்குள் டூரிங் எந்திரம் அடங்கும் என்று 2019-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை நிறுவியது. சி++ மொழியின் வார்ப்புருக்களுக்கு அந்த ஆற்றல் இருப்பதை அவற்றை வடிவமைத்தவர்களே திட்டமிடவில்லை. 1994-இல் எர்வின் உன்ரூ என்பவர் கம்பைலரின் பிழைச்செய்திகளிலேயே பகா எண்கள் வரிசையாக வரும்படி ஒரு நிரலை எழுதிக் காட்டினார். அந்த நிரல் கம்பைலே ஆகாது. கம்பைல் ஆகாமல் தோற்பதுதான் அதன் வேலை. முழுமை என்பது தேடாமலேயே எங்கும் முளைத்துவிடுகிறது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். பிரான்ஸில் உருவான கோக் என்ற மொழியில் எழுதும் ஒவ்வொரு சார்பும் கட்டாயம் முடிவுக்கு வந்தாக வேண்டும். முடியாமல் சுற்றும் நிரலை அது ஏற்காது. அதனாலேயே அதற்கு டூரிங் முழுமை கிடையாது. அந்தக் கோக்கில்தான் சேவியர் லெராயும் அவருடைய குழுவினரும் காம்ப்செர்ட் என்ற சி மொழிக் கம்பைலரை எழுதி, அது தரும் விடை மூலத்தின் பொருளிலிருந்து பிறழாது என்று கணித முறையில் நிறுவினார்கள். உலகின் மிக நம்பகமான கம்பைலர்களில் ஒன்று, இந்த அளவுகோலின்படி ‘மொழியே இல்லாத’ ஒன்றில் எழுதப்பட்டிருக்கிறது. சீட்டு விளையாட்டு மொழியாகிவிடுகிறது. இப்படிப் பிரிக்கும் தராசை நான் கீழே வைத்துவிட்டேன்.

இங்கே நம் ஊர்ச் செய்தி ஒன்று. ‘மொழி’ என்ற சொல்லுக்குக் கணிதத்தில் இன்னும் அகன்ற பொருள் உண்டு: ஓர் இலக்கணம் பிறப்பிக்கக்கூடிய வடிவங்கள் அனைத்தின் தொகுதி. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருதிவாசனோடு சேர்ந்து 1974-இல் வெளியிட்ட கட்டுரை, வாசலில் போடும் கோலங்களை இத்தகைய இலக்கணங்களால் பிறப்பிக்கலாம் என்று காட்டியது. கோலம் ஒரு மொழி என்பது அந்தப் பொருளில் உவமை அன்று, வரையறை. இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியா என்ற சச்சரவும் இங்கேயே தீர்ந்துவிடுகிறது. அது மொழிதான். நிரல்மொழி அன்று. கோலத்தில் புள்ளி எங்கே, இழை எங்கே என்பதுபோல், பக்கத்தில் எது எங்கே என்று அது சொல்கிறது. ‘இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்’ என்று சொல்வதில்லை.

மூன்றாவது அளவுகோல் பயன்பாட்டைச் சார்ந்தது. டிசிஎல் மொழியை 1988-இல் பெர்க்லியில் உருவாக்கிய ஜான் அவுஸ்டர்ஹவுட், 1998-இல் ஒரு கட்டுரை எழுதினார். உறுப்புகளை அடிப்படையிலிருந்து கட்டுவதற்கு ஒருவகை மொழிகள், கட்டிய உறுப்புகளை ஒட்டுவதற்கு இன்னொருவகை மொழிகள். இரண்டாவதுதான் ஸ்கிரிப்ட் மொழிகள் என்றார். இவற்றில் நேர்மையான அளவுகோல் இதுதான் என்று நினைக்கிறேன். கொத்தனாருக்குச் செங்கல்லும் வேண்டும், சாந்தும் வேண்டும். சாந்தைக் கீழானது என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1994-இல், ரிச்சர்ட் ஸ்டால்மன் இதே டிசிஎல்லைக் குறித்துக் கடுமையாக எழுதியிருந்தார். ஈமேக்ஸ் என்ற தொகுப்பி அவருக்குக் கற்றுத்தந்த பாடத்தை அதில் சொன்னார்: பயனர் நீட்டிக்கொள்வதற்கென்று ஒரு மொழியைக் கொடுத்தால், அதைச் சிறிய மொழியாகக் கொடுக்காதீர்கள், முழு மொழியாகவே கொடுங்கள், ஏனெனில் மக்கள் அதில் பெரியவற்றை எழுதத்தான் போகிறார்கள். டிசிஎல்லைப் பற்றிய அவர் தீர்ப்பு மிகையானது என்பது என் கருத்து. அந்தக் கடைசிக் காரணத்தை மட்டும் யாராலும் மறுக்க முடியவில்லை.

ஆக் என்ற மொழி அதற்குச் சாட்சி. ஆஹோ, வைன்பர்கர், கெர்னிகன் மூவரும் 1977-இல் அதை ஓரிரு வரி நிரல்களுக்காகச் செய்தார்கள். எழுதி, ஓட்டி, தூக்கிப்போடும் நிரல்கள். மக்கள் அதில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். 1985-இல் ஆக்கியவர்களே அதை விரித்து, பயனர் தம் சொந்தச் சார்புகளை வகுத்துக்கொள்ள இடம் கொடுக்க வேண்டியதாயிற்று.

இனி, நான் இங்கே முக்கியமாகச் சொல்லவந்த கதைக்கு வருகிறேன். அது ஜேசிஎல்லின் கதை.

1964-இல் ஐபிஎம் தன் சிஸ்டம் 360 கணினிக் குடும்பத்தை அறிவித்தது. அதற்கான இயக்க அமைப்பை உருவாக்கும் பெரும் பொறுப்பு ஃபிரெட் புரூக்ஸ் கையில் இருந்தது. அந்தக் காலத்தில் வேலையைத் துளையட்டைக் கட்டாகக் கொடுப்பார்கள். கட்டின் முன்னால் சில அட்டைகள் இருக்கும்: இது யாருடைய வேலை, எந்த நிரலை ஓட்ட வேண்டும், எந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்று இயக்க அமைப்புக்குச் சொல்லும் அட்டைகள். அந்த அட்டைகளில் என்ன எழுதுவது என்பதற்கான விதிகள்தான் வேலைக் கட்டுப்பாட்டு மொழி, ஜேசிஎல்.

பெயரில் ‘மொழி’ இருக்கிறது. ஆனால் செய்தவர்கள் யாரும் அதை நிரல்மொழியாக நினைக்கவில்லை. புரூக்ஸ் தம் முதுமையில், 2010-இல் வெளியிட்ட வடிவமைப்பு பற்றிய நூலில் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். உலகில் எவரும் எங்கும் உருவாக்கியவற்றில் மிக மோசமான நிரல்மொழி ஜேசிஎல்தான் என்றும், அது தம் மேற்பார்வையிலேயே உருவானது என்றும் எழுதினார். அதோடு நிற்காமல் ஏன் அப்படி ஆனது என்பதையும் அலசினார். வேலைக்கட்டின் முன்னால் வைக்கும் நாலு அட்டை என்றே எல்லோரும், அவர் உட்பட, நினைத்திருந்தார்கள். அது ஒரு மொழி என்ற எண்ணமே வரவில்லை. அதனால் மொழி வடிவமைப்பு தெரிந்த எவரையும் அதன் பக்கத்தில் உட்காரவைக்கவில்லை. அதே நிறுவனத்தில்தான் 1957-இல் ஜான் பேக்கஸின் குழு ஃபோர்ட்ரானைத் தந்திருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அறிவு அடுத்த அறையில் இருந்தது. கதவைத் தட்ட வேண்டும் என்று தோன்றவில்லை.

விளைவை, அதில் எழுதியவர்கள் அறிவார்கள். ஒவ்வொரு அட்டையின் முதலிரண்டு இடங்களிலும் சாய்கோடு இருக்க வேண்டும். எழுபத்தொன்றாம் இடத்துக்குள் சொல்ல வந்ததை முடித்துவிட வேண்டும். விவரங்களின் நடுவே தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்துவிட்டால், அதற்குப் பின்னால் எழுதியதெல்லாம் விளக்கக் குறிப்பு என்று கருதப்பட்டுவிடும். வினைச்சொற்கள் என்று பார்த்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லாச் சுமையும் கோப்பை விவரிக்கும் ஒரே கூற்றின் தலையில் விழுந்து, அதற்குப் பின்னால் ஒரு நீண்ட விவர வால் தொங்கும். மடக்கிச் செய்யும் கட்டளை கிடையாது. தொகுத்துவைத்த செயல்முறைக்குள் இன்னொரு செயல்முறையை அழைக்க முதலில் வழி இல்லை.

நிபந்தனையை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். முந்தைய படி சரியாக முடிந்தால் அடுத்த படியை ஓட்டு என்று சொல்ல வேண்டும். எவ்வளவு எளிய எண்ணம். ஜேசிஎல்லில் அதைத் தலைகீழாக எழுத வேண்டும்: முந்தைய படி திருப்பித் தந்த எண்ணைவிட நான்கு சிறியதாக இருந்தால், இந்தப் படியைச் செய்யாதே. எண் முன்னே, ஒப்பீடு பின்னே, விளைவு எதிர்மறையில். இரவுப் பணியில் கண் எரிய உட்கார்ந்து இந்த வரியை மனத்துக்குள் திருப்பிப் போட்டுப் படித்தவர்கள் இந்த அவையில் சிலராவது இருப்பீர்கள். ‘ஆனால்’, ‘இல்லாவிட்டால்’ என்று நேராக எழுதும் வழி எத்தனையோ ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. அதற்குள் உலகம் முழுவதும் வங்கிகளின் இரவுநேரக் கணக்குகள் பழைய வடிவத்தில் எழுதப்பட்டுவிட்டன. அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. நம் பழைய மகாபலிபுரம் சாலையில் இன்றும் ஜேசிஎல் எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மொழி என்ற பெயரை மறுத்தால், மொழிக்குரிய கவனமும் மறுக்கப்பட்டுவிடுகிறது. ஜேசிஎல்லுக்கு நடந்தது அதுதான். கவனம் மறுக்கப்பட்ட பிறகும் மக்கள் அதில் எழுதாமல் விடுவதில்லை. எழுதித்தான் ஆகவேண்டும், வேலை நடக்க வேண்டுமே. மாணவியின் தாளில் விழுந்த அந்தப் பேனாக்கோடு என்னை இவ்வளவு வருத்தியதற்குக் காரணம் இதுதான். அது அவளுடைய பெருமையை மட்டும் குறைத்திருந்தால் நான் மறந்திருப்பேன்.

ஷெல்லுக்கு வேறொரு விதி வாய்த்தது. 1970களின் தொடக்கத்தில் கென் தாம்சன் யூனிக்ஸுக்கு எழுதிய முதல் ஷெல் மிகச் சிறியது. ‘இப்படியானால்’, ‘அங்கே போ’ என்ற இரண்டும் அந்த ஷெல்லுக்குள் இல்லை. தனித்தனி நிரல்களாக வெளியே இருந்தன. ‘அங்கே போ’ என்ற நிரல், ஓடிக்கொண்டிருக்கும் கட்டளைக் கோப்பை முதலிலிருந்து தேடி, குறித்த இடத்தைக் கண்டுபிடித்து, ஷெல் அடுத்துப் படிக்கவேண்டிய இடத்தையே நகர்த்திவைத்துவிட்டுப் போய்விடும். அழகான யுக்தி. அதன்மேல் பெரிதாக எதையும் கட்ட முடியாது.

1979 ஜனவரியில் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு புதிய ஷெல் வந்தது. எழுதியவர் ஸ்டீபன் போர்ன். அவர் பெல் ஆய்வகத்துக்கு வருமுன் கேம்பிரிட்ஜில் ஆல்கால் 68 மொழியின் கம்பைலரில் வேலை செய்தவர். மொழி என்றால் என்ன என்று அறிந்த கை. நிபந்தனை, மடக்கு, தேர்வு எல்லாம் ஷெல்லுக்குள்ளேயே வந்துவிட்டன. ‘இஃப்’ என்று தொடங்கியதை அதன் எழுத்துகளைத் திருப்பிப்போட்டு ‘ஃபை’ என்று முடிப்பதும், ‘கேஸ்’ என்பதை ‘எஸாக்’ என்று முடிப்பதும் ஆல்கால் மரபு. ‘டூ’ என்று தொடங்கியதை மட்டும் ‘ஓடி’ என்று முடிக்க முடியவில்லை; எட்டடிமான முறையில் கோப்பைக் காட்டும் கட்டளைக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. அதனால் ‘டன்’ என்று வைத்தார்.

மறு ஆண்டு, 1980 ஜனவரியில், டென்னிஸ் ரிச்சி யூனிக்ஸின் மையமான கெர்னலில் ஒரு மாற்றம் செய்தார். கோப்பின் முதலிரண்டு எழுத்துகள் ஹாஷ் குறியும் வியப்புக்குறியுமாக இருந்தால், அந்த வரியில் எந்த இன்டர்பிரிட்டரின் பெயர் இருக்கிறதோ அதைக்கொண்டு கோப்பை ஓட்டு. அதுவரை ஸ்கிரிப்ட் என்றால் ஷெல் மட்டும்தான் அடையாளம் காணும். கெர்னலுக்கு அது வெறும் எழுத்துக் கோப்பு. அந்த இரண்டு குறிகளுக்குப் பிறகு, சி மொழியில் எழுதிக் கம்பைல் செய்த நிரலுக்கும் ஷெல்லில் எழுதிய ஸ்கிரிப்டுக்கும் கெர்னலின் வாசலில் ஒரே வரவேற்பு. ஓடும் நிரல்களின் பட்டியலில் அதன் சொந்தப் பெயரே தெரியும். அழைப்பவருக்கு, தான் அழைத்தது எதில் எழுதப்பட்டது என்று தெரியவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

இதை நான் பெரிய நிகழ்வாகக் கருதுகிறேன். ஷெல்லில் நீங்கள் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி அதற்கு ஒரு பெயர் வைத்தால், அந்தப் பெயர் அன்றிலிருந்து அந்த மொழியில் ஒரு சொல். அடுத்தவர் தம் ஸ்கிரிப்டில் அந்தச் சொல்லைப் போட்டு எழுதலாம். போர்னின் ஷெல்லுக்குள் சார்புகள் வந்தது 1984-இல்தான். அதற்கு முன்பே இந்த வழி திறந்திருந்தது. என்னிடம் அளவுகோல் எது என்று கேட்டால் இதைத்தான் நீட்டுவேன்: நிபந்தனை சொல்லத் தெரிய வேண்டும், திரும்பச் செய்யத் தெரிய வேண்டும், அதற்கும் மேலே, பயனர் தாம் கட்டியதற்குத் தாமே பெயரிட்டு அந்தப் பெயரை மொழியின் மற்ற சொற்களைப்போலவே புழங்க முடியவேண்டும். அது முடிந்த இடத்தில் நிரல்மொழி இருக்கிறது. கோக் தேறும், ஷெல் தேறும், 1985-இன் ஆக் தேறும். தரவுத்தளங்களை வினவும் எஸ்கியூஎல்லில் ஒரு வினவலுக்குப் பெயரிட்டு அதை அட்டவணைபோல் புழங்கலாம். 1999-ஆம் ஆண்டுத் தரநிலைக்குப் பிறகு தன்னைத்தானே அழைக்கும் வினவலும் எழுதலாம். அதுவும் தேறும். சீட்டு விளையாட்டு தேறாது. ஜேசிஎல் வாசற்படியில் நிற்கிறது, அதன் துன்பமும் அதுவே.

அளவுகோல் கிடைத்துவிட்டதால் ஆபத்து தீர்ந்துவிடவில்லை. 2015 ஜனவரியில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில் ஒரு பிழை வெளியானது. அதைத் தொடங்கிவைக்கும் ஷெல் ஸ்கிரிப்ட், தான் இருக்கும் கோப்புறை எது என்று கண்டுபிடித்து ஒரு மாறியில் வைத்துக்கொள்ளும். ஒரு பயனர் அந்தக் கோப்புறையை இடம் மாற்றியிருந்தார். தேடல் தோற்றது, மாறி வெறுமையானது. ஓரிடத்தில் ‘இந்தக் கோப்புறைக்குள் இருப்பதையெல்லாம் அழி’ என்ற கட்டளை இருந்தது. பெயர் வெறுமையானதால் அது ‘கணினியின் வேரிலிருந்து எல்லாவற்றையும் அழி’ என்றாகிவிட்டது. அவருடைய கோப்புகள் போயின. காப்புப் பிரதிக்காக இணைத்திருந்த வெளி வட்டிலிருந்தவையும் போயின. அந்த வரியின் தலையில், பயமாக இருக்கிறது என்ற பொருளில் ஒற்றை ஆங்கிலச் சொல்லை எழுதியவரே குறிப்பாக வைத்திருந்தார். பயந்தவருக்கு வழியும் மொழிக்குள்ளேயே இருந்தது: மாறியின் பெயருக்குப் பின் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் போட்டிருந்தால், வெறுமையைக் கண்டதும் ஷெல் நின்றிருக்கும். மொழியாக மதித்துப் படித்திருந்தால் அது தெரிந்திருக்கும்.

நானும் அதே தவற்றைச் செய்தவன். 1990களின் இறுதியில் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவுக்காக முப்பது வரியில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதிக்கொடுத்தேன். மாணவர் பட்டியலை எடுத்து நுழைவுச்சீட்டு அச்சிடும் வேலை. ஒரு பருவத்துக்குப் போதும் என்று எழுதியது. அவர்கள் அதையே ஆண்டுக்கணக்கில் ஓட்டினார்கள். மாறியை மேற்கோள் குறிக்குள் வைக்காவிட்டால், இடைவெளி கண்ட இடத்தில் ஷெல் அதை இரண்டாக வெட்டிவிடும். ஒரு தேர்வுக்காலத்தில் வந்த பட்டியலில் ஒரு மாணவனின் பெயருக்கும் தலைப்பெழுத்துக்கும் நடுவே புள்ளிக்குப் பதில் இடைவெளி இருந்தது. அவனுக்குச் சீட்டு அச்சாகவில்லை. தேர்வு நாள் காலையில் அவன் அலுவலக வாசலில் நின்ற செய்தி எனக்கு மாலையில்தான் வந்தது. கையெழுத்துச் சீட்டோடு அவனை அனுமதித்துவிட்டார்கள். இருந்தாலும் அந்தக் காலைப் பொழுது அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நான் இன்றுவரை எண்ணிப் பார்க்கிறேன். ‘சும்மா ஒரு ஸ்கிரிப்ட்தானே’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் அந்த முப்பது வரியை எழுதியிருந்தேன்.

எழில் என்ற தமிழ் நிரல்மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முத்தையா அண்ணாமலை அதைப் பைத்தானின்மேல் கட்டினார். இன்னொரு மொழியின் மேல் அமர்ந்திருப்பதால் அது மொழி ஆகாது என்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். புழக்கத்தில் உள்ள பைத்தானே சி மொழியில் எழுதப்பட்டதுதான். எழிலில் என்னை ஈர்த்தது அதன் நிபந்தனை வரி. நிபந்தனை முதலில் வருகிறது, ‘ஆனால்’ என்ற சொல் அதற்குப் பின்னால் வருகிறது, நாம் பேசுவதைப்போலவே. ஜேசிஎல்லின் தலைகீழ் வரியை முன்பு சொன்னேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றைச் செய்தவர்கள் அட்டைக்காகச் செய்தார்கள். மற்றதைச் செய்தவர், படிக்கப்போகும் ஒரு பிள்ளையை மனத்தில் வைத்துச் செய்தார்.

என் மாணவிக்கு: தன்விவரக் குறிப்பில் நான்கையும் அப்படியே வைத்துக்கொள் அம்மா. ஷெல்லுக்கு எதிரே நீ எழுதிய எந்த ஸ்கிரிப்டை வேறொருவர் இன்றும் ஓட்டுகிறார் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்.

அந்தத் தேர்வுப் பிரிவு ஸ்கிரிப்டை மறு வாரமே உட்கார்ந்து திருத்தி எழுதினேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சார்பு, ஒவ்வொரு சார்புக்கும் ஒரு பெயர், தலையில் எதை வாங்கி எதைத் தரும் என்ற நான்கு வரிக் குறிப்பு, இடைவெளி உள்ள பெயர்களை வைத்து ஒரு சோதனைப் பட்டியல். முப்பது வரி நூற்றுப்பத்து வரியாயிற்று. சென்ற மாதம் அந்தக் கல்லூரியிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். புதிய கணினிக்கு எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருக்கிறாராம். கோப்பின் தலையில் என் பெயர் இருந்ததால் கேட்டாராம். “சார், இந்த வரியில மாறியைச் சுத்தி மேற்கோள் குறி போட்டிருக்கீங்க, இதை எடுத்துடலாமா?” என்றார். எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தப் பையனின் கதையை அவருக்குச் சொன்னேன்.